பதினாலு பவுண்டு

எடை மேடையில் ஏறி நின்ற செங்கமலத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கொழந்தையை எறக்கி விடுங்கம்மா, அதுக்குத் தனியா எழுதணும்" என்றார் விமானக் கம்பெனி குமாஸ்தா.

அவள் கையில் குழந்தை இல்லை. கைப்பையும் உப்பிலி அண்ணாவிடம்தான் இருந்தது. குமாஸ்தா தலையைத் தூக்கிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மன்னிக்கணும் என்று அசடு வழிந்தார். முள் காட்டிய நூற்றாறு பவுண்டை எழுதிக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். போன வெள்ளிக்கிழமை அம்மை குத்திக்கொள்ளப் போனபோது செங்கல்பட்டு டாக்டர் வீட்டில் தொண்ணூற்றிரண்டுதான் இருந்தாள். ஒரு வாரத்தில் இத்தனை ஏறுவதற்கு அவள் என்ன கல்யாணச் சாப்பாடா சாப்பிட்டாள்? மூன்று மாதமாகத் தொண்டையில் சோறு இறங்கினால்தானே.

பதினாலு பவுண்டு அதிகம். அவள் குழந்தை ருக்குவின் எடை அது. ஜுரம் வருவதற்கு முந்தின வாரம் அதே டாக்டர் நிறுத்துப் பார்த்து, எட்டு மாதத்துக்கு நல்ல எடை என்று சொன்னார். இதை நினைத்தபோது செங்கமலத்துக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ருக்கு போன நாளிலிருந்து அவளுக்கு எதுவுமே வருவதில்லை, அழுகை உட்பட. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல மனசைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துவிட்டு, அதையும் விட்டுவிட்டாள்.

சிங்கப்பூர் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்றார்கள். உப்பிலிக்கு அது லாபமாகப் போயிற்று. மாமல்லபுரம் பெருமாள் கோயிலில் கைங்கரியம் பார்க்கிற மனுஷன், ஜன்மத்தில் முதல் தடவையாக விமான நிலையத்துக்குள் கால் வைத்திருக்கிறான், சும்மா உட்காருவானா? தங்கையை இழுத்துக்கொண்டு சுற்றக் கிளம்பிவிட்டான். முகம் தெரிகிற அளவுக்கு மெழுகு தேய்த்த தரை, நாலு தேசத்து நேரத்தை நாலு விதமாகக் காட்டும் கடிகாரங்கள், கண்ணாடி அலமாரியில் சீமை சென்ட்டு, தலைக்கு மேலே ஓசையில்லாமல் சுழலும் மின்விசிறிகள். வெளியே சித்திரை வெயில் கொளுத்த, உள்ளே பினாயில் வாசனையும் பெட்ரோல் வாசனையும் குளுகுளுவென்று கலந்திருந்தன. இரண்டுக்கும் அடியில் இன்னொரு வாசனை. ஈர மணலும் அழுகின பாசியும் கலந்த கடற்கரை வாசனை.

சாப்பாட்டு ஹாலுக்குள் எட்டிப் பார்க்க மட்டும்தான் போனார்கள். புளியோதரை டப்பாவில் இருந்தது, வெளியே எதையும் தொடுகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் தலைப்பாகைக்காரன் ஒருவன் ஓடி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, கேட்காமலே ஒரு கிண்ணத்தில் பாலை அவள் முன்னால் வைத்துவிட்டு, பாப்பாவுக்கு என்று சொல்லிப் போனான். வேறு மேஜைக்கு வந்ததாக இருக்கும் என்று உப்பிலி கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். செங்கமலத்தின் கை முந்தானை முடிச்சுக்குப் போயிற்று. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் முந்தானை முடிச்சில் ஒரு பிடி மணல் இருந்தது. அவர்கள் வீட்டில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பல் முளைக்காத குழந்தையை எரிப்பதும் இல்லை. விடியற்காலையில் உப்பிலி துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான், வெறுங்கையோடு திரும்பி வந்து குளித்தான். எங்கே என்று தாய் கேட்கக் கூடாது, யாரும் சொல்லவும் கூடாது. சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் அவள் புருஷன் வெங்கடராகவன், பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவன், நீயாவது வந்து சேர் என்று டிக்கெட் அனுப்பிவிட்டான். குழந்தையை ஒண்டியாக விட்டுவிட்டுக் கடல் தாண்ட எந்தத் தாய்க்கு மனசு வரும்? மூன்று நாளைக்கு முன் யாருக்கும் தெரியாமல் கடற்கரைக்குப் போனாள். சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு மேடு, மணல் சரிந்து கொஞ்சம்தான் மேலே தெரிந்தது, நாய் தோண்டாமல் இருக்கக் கல் வைத்திருந்தார்கள். இதுதான் என்று மனசு சொல்லிற்று. ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டு, "வா கண்ணா, அம்மாவோட வந்துடு" என்று கூப்பிட்டாள். வந்துவிட்டது.

பெண்கள் தங்கும் அறையில் ரெபேக்காள் என்கிற ஆயா இருந்தாள், நரைத்த கொண்டையும் வெள்ளைச் சேலையுமாக. செங்கமலம் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது மூலையில் இருந்த இரும்புத் தொட்டிலை ஆயா மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதம்மா. இப்பத்தான் கண்ணு மூடிகினு கீது."

தொட்டிலில் வெள்ளை விரிப்பு மட்டும் இருந்தது. அதன் நடுவில் ஒரு பள்ளம். பள்ளம் முழுவதும் ஈரம். செங்கமலத்துக்கு மார்பு கனத்தது. வற்றிவிட்டது என்று நினைத்திருந்த பால் ரவிக்கையை நனைத்தது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம், ஆயாவின் காலில் விழலாம் போல இருந்தது.

ஆயா குனிந்து எதையோ துவட்டினாள். "தலையெல்லாம் தொப்பலா நனஞ்சி கீது. கடல் தண்ணியிலயா குளிப்பாட்டுன?" பிறகு விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டபடி, "இந்தத் தொட்டிலு பத்தலம்மா. காலு வெளிய நீட்டிகினு கீது" என்றாள்.

ருக்குவை முழங்கையில் படுக்க வைத்தாலே அடங்கிவிடுவாள். செங்கமலம் தொட்டிலைப் பார்த்தாள். இரண்டு முழத்துக்குக் குறையாது. ஆயாவுக்குக் கண் சரியில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். வரும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வலித்தது.

மாடியில் கம்பி போட்ட திறந்த தளம். காசு கொடுத்தால் விமானம் இறங்குவதை நின்று பார்க்கலாம். உப்பிலி இதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன், அங்கே வந்ததும் அடங்கிப்போனான். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லப்படாதும்பா. இருந்தாலும் நீ கடல் தாண்டிப் போறே, தெரிஞ்சுண்டு போ. ருக்குவை ஏரிக்கரை நாவல் மரத்தடியிலதான் வச்சேன். நெழலா இருக்கு. நான் நித்தம் போய்ப் பார்த்துக்கறேன்."

செங்கமலம் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ சவுக்குத் தோப்பண்டை இருக்கே, அது?"

"அதுவா? புயலுக்கு அப்புறம் கரை ஒதுங்கினவன். எந்த ஊர்னே தெரியலை. மீன்பிடிக்கற அப்பாசாமிதான் ஆள் சேர்த்துப் புதைச்சான். நாலு பேரால தூக்க முடியலையாம், அத்தனை பெரிய சரீரம். நீ எங்கே அதைப் பார்த்தே?"

அவள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். விரல் ஒத்துழைக்கவில்லை. பல்லால் அவிழ்த்தாள். மணலைக் கம்பிக்கு வெளியே உதறினாள். காற்றில் போயிற்று. எல்லாம் போயிற்று. முந்தானையைத் திருப்பித் தட்டினாள்.

கனம் போகவில்லை.

இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறியது. சிங்கப்பூர் பிரயாணிகள் வரலாம் என்று ஒலிபெருக்கி அழைத்தது. நான் போகலை அண்ணா என்றாள். ஏரிக்கரைக்குப் போகணும் என்றாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று உப்பிலி நினைத்துக்கொண்டான். ஆம்படையான் காத்திருக்கிறான், டிக்கெட் என்ன லேசான விலையா, என்று நல்ல வார்த்தை சொல்லி முதுகைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தான். கதவு வரை வந்தான். அதற்கு மேல் விடமாட்டார்கள்.

வெயில். தார்த் தளம். விமானத்தின் ஏணி. ஒவ்வொரு படியும் கிறீச்சிட்டது. அவளுக்கு முன்னால் ஏறிய தடித்த வெள்ளைக்காரருக்கு அது கிறீச்சிடவில்லை.

ஜன்னலோர இடம். பக்கத்து இடம் காலி. பணிப்பெண் வந்து இடுப்பு வாரைப் பூட்டப் பார்த்தாள். எட்டவில்லை. தளர்த்தினாள். எட்டவில்லை. முழுவதும் தளர்த்திப் பூட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

மாடித் தளத்துக்கு ஓடிப் போயிருந்த உப்பிலி கை ஆட்டுவது ஜன்னலில் தெரிந்தது. செங்கமலத்தின் ஜன்னலைத் தேடினான். கண்டுபிடித்தான். ஆட்டின கை அப்படியே நின்றது. ஓரடி பின்னால் போனான். இன்னும் ஓரடி.

இயந்திரம் உறுமியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பத் தேவையில்லை. கழுத்தோரம் உப்புத் தண்ணீர் சொட்டியது. பெரிய தலை ஒன்று அவள் தோளில் மெல்லச் சாய்ந்தது. தாடி உரசியது. தூக்கம் வருகிற குழந்தைபோல முகத்தை இப்படியும் அப்படியும் தேய்த்து, இடம் பார்த்து அடங்கியது.

கத்த வேண்டும் என்று நினைத்தாள். வாய் மரத்திருந்தது. கை மட்டும் தானாக எழுந்தது. மூன்று மாதம் சும்மா கிடந்த கை. தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. தட்டியது. தட்டியது. அந்த முதுகின் பாதிக்குக்கூட அது எட்டவில்லை.