சின்ன கோர்ட்டுப் பிள்ளை

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்தார். மறுமுனையில் ஒரு குரல் மூச்சிரைத்தது.

"சார்... சிறுவர் கோர்ட்டு ஆபீஸ் கிளார்க் பேசறேன். ஒருத்தர் போன்ல எங்கிட்ட புகார் சொல்லிட்டிருந்தாரு. பாதியிலே 'ஐயோ'ன்னு ஒரு அலறல்! அப்புறம் தொப்புனு ஏதோ விழுந்துச்சு... அப்புறம் பேச்சே இல்ல சார்!"

"யாருய்யா அது?"

"ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறாரே, அந்தச் சலவைக்கூடத்து முதலாளி. முதல்ல அவரு என்ன சொன்னாருன்னா..."

"உயிர் போற நேரத்துல கதாகாலட்சேபமா? மீதியை அப்புறம் சொல்லு!"

டொக்.

ஜீப் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் இறங்கித் தள்ளினார்கள். குற்றவாளி தப்பிக்க நினைத்திருந்தால், அந்த நேரத்தில் ஊரையே தாண்டியிருக்கலாம்.

ஆனால் யாரும் தப்பிக்கவில்லை.

சலவைக்கூடம் முழுக்க நீராவி. கொடிகளில் வரிசை வரிசையாக ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். எல்லாம் வெள்ளை... ஒன்றைத் தவிர!

அந்த ஒன்றின் மேல்தான் முதலாளி குப்புறக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. அவர் கைக்கு எட்டாத உயரத்தில் ரிசீவர் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

சுவரோரம் அவர் மனைவி. நீராவியில் நனைந்த கூந்தல், வெளிறிய முகம். அவள் பக்கத்தில் ஓர் இளைஞன்.

அவன் கையில் கனமான இஸ்திரிப் பெட்டி!

"நான்தான் சார் அடிச்சேன்."

இன்ஸ்பெக்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"என்னப்பா, ஒரு கேள்வி கேக்கக்கூட விடமாட்டியா? நீ யாரு?"

"இது என் அக்கா. செத்துப்போனவரு என் அத்தான். நான் இங்கேதான் வேலை பாக்கறேன்."

"பேரு?"

"எல்லாரும் சைக்கிள்னுதான் கூப்பிடுவாங்க. அத்தான் வச்ச பேரு."

"அதென்னய்யா பேரு?"

"பதினாறு வயசுல ஒரு சைக்கிள் திருடினேன் சார். இப்போ பத்தொன்பது. பேரு மட்டும் போகல."

"எதுக்கு அடிச்சே?"

"அவரு பேசறது பிடிக்கல."

"எனக்குக்கூடத்தான் எங்க மேலதிகாரி பேசறது பிடிக்கல. நான் என்ன அடிச்சுட்டா இருக்கேன்?"

கான்ஸ்டபிள் சிரித்தார். இன்ஸ்பெக்டர் முறைத்ததும் சிரிப்பை விழுங்கினார்.

விலங்கு வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் அக்கா துள்ளி எழுந்தாள்.

"சார், விலங்கெல்லாம் வேண்டாம்! அவன் சின்ன கோர்ட்டு, அதான் சிறுவர் கோர்ட்டுப் பிள்ளை சார். அந்தச் சைக்கிள் கேசுல நன்னடத்தைக் காலத்துல இருக்கான். இருபத்தொண்ணு வரைக்கும் அவங்க பொறுப்பு. அவங்ககிட்டதான் ஒப்படைக்கணும். கண்டிச்சு, காலத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுவாங்க. அவ்வளவுதானே சார்?"

இன்ஸ்பெக்டர் அவளை உற்றுப் பார்த்தார்.

புருஷன் பிணமாகக் கிடக்கிறான். இவள் சட்டம் பேசுகிறாள்!

"அவ்வளவுதானேடா தம்பி?" அவள் குரல் கெஞ்சியது.

அவன் தரையைப் பார்த்தான்.

"ஆமாக்கா. அவ்வளவுதான்."

"அவ்வளவு இல்லை!"

வாசலில் ஒரு குரல். எல்லோரும் திரும்பினார்கள். விரிப்புகளை விலக்கிக்கொண்டு ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்தாள். ஓடிவந்த மூச்சிரைப்பு.

"நான் இவனோட நன்னடத்தை அதிகாரி சார். இவன் கொலை பண்ணல."

இளைஞன் பதறினான்.

"மேடம், நீங்க போயிடுங்க! உங்களுக்கும் எனக்கும் இனிமே ஒண்ணும் இல்லை. என் மேல உங்களுக்கு அதிகாரம் கிடையாது!"

"கிடையாதுதான். சாட்சி சொல்ல அதிகாரம் எதுக்குடா?"

அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், எங்க கிளார்க் அந்த அலறலைக் கேட்டு, நேரா கோர்ட்டு ஹாலுக்குள்ள ஓடி வந்தாரு. உடனே போலீசுக்குச் சொல்லுங்கன்னேன். அப்போ இவன் எங்கே இருந்தான் தெரியுமா? ஜட்ஜுக்கு முன்னாடி நின்னுக்கிட்டிருந்தான்! நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள சந்தோஷத்துல படியிறங்கி ஓடிட்டான்."

"சந்தோஷமா? எதுக்கு?"

"நன்னடத்தைக் காலம் முடிஞ்சுதுன்னு ஜட்ஜ் இன்னிக்கு உத்தரவு போட்டுட்டாரு. இவனை விட்டாச்சு!"

அக்காவின் கை சுவரைத் தேடியது.

"விட்டாச்சா..? அப்போ... இவன் இப்போ சின்ன கோர்ட்டுல இல்லையா?"

"இல்லைம்மா. நன்னடத்தைக் காலம் ஓடற வரைக்கும்தான் எங்க பிடி. நீட்டிக்கிட்டே போனா இருபத்தொண்ணு வரைக்கும் இழுக்கலாம். முடிஞ்சுதுன்னு ஜட்ஜ் சொல்லிட்டா, அந்த நிமிஷமே விட்டுடணும்."

"முடியாம இருந்திருந்தா..?"

"இருந்தாலும் அந்தப் பழைய சைக்கிள் கேசுக்கு மட்டும்தான். பதினெட்டு தாண்டிப் பண்ணற புதுத் தப்புக்கு எப்பவுமே பெரிய கோர்ட்டு. பெரியவங்க ஜெயில். அது இவனுக்கு நல்லாவே தெரியும். நானே பத்துத் தடவை சொல்லியிருக்கேன்."

அக்கா தம்பியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"தெரிஞ்சுமாடா தலையாட்டினே?"

இஸ்திரிப் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சின்ன வயதில் அவன் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்குவாளே... அதே பக்குவத்தோடு. பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"அவனை விடுங்க சார். நான்தான்."

நீராவிக் குழாய் 'உஸ்' என்றது.

"அக்கா, சும்மா இரு!"

"நீ சும்மா இருடா! சார், இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை இவனை விட்டிருக்கணும். ரெண்டு தடவையும் இவரு புகார் சொல்லப் போனைத் தூக்கினாரு. லேட்டா வந்தான்னு ஒரு தடவை. எதிர்த்துப் பேசினான்னு ஒரு தடவை."

அதிகாரி தலைகுனிந்தாள்.

"வேலையும் தங்க இடமும் கொடுத்தவர் அவர்தான். அதனால அவர் சொல்லுதான் கோர்ட்டுல எடுபட்டுது. நானும் எழுதிக் கொடுத்தேன்."

"விட்டுட்டா இவன் வேற வேலைக்குப் போயிடுவானே, சம்பளமில்லாத ஆள் கிடைப்பானா?" அக்கா சிரித்தாள். அழுகையைவிட மோசமான சிரிப்பு. "இன்னிக்கு மத்தியானம் கேசுன்னு சொன்னாங்க. காலையிலேயே போனைத் தூக்கிட்டாரு. 'வேலைக்கு வரல, ஓடிட்டான், எழுதிக்குங்க'ன்னு. விட்டுடுங்கன்னு காலைப் பிடிச்சேன். இன்னும் ரெண்டு வருஷம் இழுக்கறேன் பாருன்னு என்னைப் பாத்துக் கண்ணடிச்சாரு சார்! என் கையில பெட்டி இருந்துச்சு..."

அவள் பார்வை மேசைமேல் இருந்த பெட்டிக்குப் போனது.

"அப்புறம் தம்பி ஓடி வந்தான். சின்ன கோர்ட்டு உன்னை ஒண்ணும் பண்ணாதுடான்னு நான்தான் அவன் கையில பெட்டியைக் கொடுத்தேன்."

அதிகாரி அவள் பக்கத்தில் வந்தாள்.

"அவன் ஓடலைம்மா. கோர்ட்டுக்குத்தான் வந்திருந்தான். மத்தியானக் கேசை ஜட்ஜ் காலையிலேயே எடுத்துட்டாரு. உங்க வீட்டுக்காரர் ரிசீவரைத் தூக்கறதுக்கு முன்னாடியே உத்தரவு போட்டாச்சு. அவரு நாள் முழுக்கப் பேசியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

அக்கா அவளையே பார்த்தாள்.

"அப்போ... பேச விட்டிருக்கலாமா?"

அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

"வெறுமனே... பேச விட்டிருக்கலாமா?"

அவள் தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"வந்ததும் ஏன்டா சொல்லல? ஏன்டா சொல்லல?"

"அதைச் சொல்லத்தான்கா ஓடி வந்தேன்..." அவன் உடைந்து அழுதான். "நீ முந்திக்கிட்டே."

விலங்கு அக்கா பக்கம் திரும்பியது. அவளுடைய மெல்லிய மணிக்கட்டுக்கு அது பெரிதாக இருந்தது. போகிற போக்கில் அவள் ஒரு விரிப்பை இழுத்துப் புருஷனின் முகத்தை மூடினாள். வெளுத்து, மடித்து வைத்திருந்த விரிப்பு. அவள் மடித்ததுதான்.

தம்பி பின்னாலேயே ஓடினான். கான்ஸ்டபிள் தடுத்தார்.

"உன்னை விட்டாச்சு தம்பி. நீ எங்கே வேணாலும் போலாம்."

அவன் வாசலிலேயே நின்றான். எங்கே போவதென்று அவனுக்குத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரைக் கைக்குட்டையால் பிடித்து அதன் இடத்தில் வைத்தார்.

வைத்த மறுநொடி... மணி அடித்தது!

"இன்ஸ்பெக்டர் சாரா? கிளார்க்தான் பேசறேன். ரொம்ப நேரமா முயற்சி பண்ணறேன், லைனே கிடைக்கல. அலறலுக்கு முன்னாடி ஒரு பொம்பளைக் குரல் 'என் தம்பியை விட்டுடுங்க'ன்னு கேட்டுச்சு. அதைச் சொல்ல வரதுக்குள்ள வச்சுட்டீங்க..."

"இப்போ தெரியும்யா. வேற?"

"அந்தப் பையன் மேல புகார் பாதியிலே நிக்குது சார். இன்ஸ்பெக்ஷன் வர்ற நேரம், அரைகுறையா விடக்கூடாது. முதலாளி நாளைக்கு ஆபீசுக்கு வந்து முடிச்சுக் கொடுப்பாரா?"

இன்ஸ்பெக்டர் விரிப்புக்குள் கிடந்தவரைப் பார்த்தார்.

"வரமாட்டாருய்யா. அவரு கேசை மேல இருக்கிற கோர்ட்டு எடுத்துக்கிச்சு... அங்கே இருபத்தொரு வயசோட விடற வழக்கமெல்லாம் கிடையாது!"