படம் நிற்கும் நேரம்

மகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது திரையில் படம் நின்றது. புதிதாக விழுந்திருந்த முன்பல்லின் இடைவெளி, பாதி மூடிய கண், காது இரண்டையும் முழுசாக மறைத்திருந்த ஹெட்போன், எல்லாம் அப்படியே நின்றன. அவள் மவுஸை இழுத்துப் பார்த்தாள், கீபோர்டில் கைக்கு வந்ததையெல்லாம் தட்டிப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. மேஜைக்குக் கீழே கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, சூடான தூசியின் வாடை முழங்காலுக்கு அருகே வந்தது. பிறகு படம் தானாகவே உயிர்பெற்றது. மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம்? அந்தக் கரடி வீட்டுக்குள்ள வந்துடுச்சா?"

"எந்தக் கரடிடா?"

"போம்மா. இப்பத்தானே சொன்னே."

குழந்தைகள் ஆயிரம் சொல்லும் என்று அவளும் கூடச் சிரித்து வைத்தாள்.

அவள் ஒரு என்ஜினியருக்காக வீட்டிலிருந்தே கட்டடப் படங்கள் வரைந்து கொடுப்பவள். அந்தக் கம்ப்யூட்டர் அதற்காக வாங்கியது. மகன் வேறு ஊரில் அவன் அப்பாவோடு இருந்தான். எல்லாரும் அவனைப் பட்டாணி என்றுதான் கூப்பிட்டார்கள். கணவனும் மனைவியும் பிரிந்தபோது பையன் அப்பாவிடம், மாலை நேர வீடியோ கால் அம்மாவிடம் என்று முடிவானது. அந்த அழைப்புக்கும் அவள் சண்டை போட்டு ஒரு நிபந்தனை வாங்கியிருந்தாள். பேசும்போது அப்பா அந்த அறைக்குள் இருக்கக் கூடாது, பையன் ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும், தாயும் பிள்ளையும் பேசுவதில் ஒரு வார்த்தைகூட அந்த மனுஷன் காதில் விழக் கூடாது. அவனும் விட்டுக்கொடுக்காமல், அழைப்பு துண்டிக்கப்பட்டால் அன்றைய பேச்சு அதோடு சரி, மறுபடி கூப்பிடக் கூடாது என்று பதில் நிபந்தனை போட்டான். இரண்டு பேருமே தாங்கள் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

அதனால் படம் நின்றால் அவள் அழைப்பைத் துண்டிப்பதில்லை. காத்திருந்தாள். பட்டாணியிடமும் சொல்லி வைத்தாள், "படம் நின்னுட்டா எழுந்து போயிடாதே. அப்படியே உக்காந்திரு. அம்மா வந்துடுவேன்." அவனும் சமர்த்தாகத் தலையாட்டினான்.

படம் வரையும்போது கம்ப்யூட்டர் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. பையனோடு பேசும்போது மட்டும் நின்றது. நிற்கும் நேரமும் வரவர நீண்டது. அவள் திருப்புளி எடுத்துப் பெட்டியைத் தானே திறந்தாள். விசிறியில் அப்பியிருந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டினாள். ரேம் அட்டையை வெளியே எடுத்து, யாரோ வீடியோவில் காட்டியபடி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினாள். மென்பொருள் அத்தனையையும் அழித்துப் புதிதாக ஏற்றினாள். மறுநாளும் நின்றது. கடைசியில் ரிப்பேர்காரர் வந்தார். பவர் சப்ளையை மாற்றினார், புது விசிறி போட்டார், வீடியோ ஓடவிட்டுக் காபியும் குடித்து முடித்தார். கம்ப்யூட்டர் கண்ணை மூடாமல் வேலை செய்தது.

"இவ்வளவு சமர்த்தா இருக்கிற மெஷினைப் போய்க் குறை சொல்றீங்களே அக்கா."

"நீங்க படி இறங்கினதும் அது குணத்தைக் காட்டும் பாருங்க தம்பி."

அவர் சிரித்துக்கொண்டே பையை மாட்டினார். வாசலில் நின்று, "ஒண்ணு பண்ணுங்க. நிக்கும்போது அந்தப் பக்கம் என்ன தெரியுதுன்னு கேளுங்க. அங்கேயும் நின்னா நெட் கோளாறு. அங்கே ஓடிட்டிருந்தா உங்க மெஷின்தான்" என்றார். நியாயமான யோசனை. அன்று மாலையே கேட்டாள்.

"பட்டாணி, அம்மா நின்னுட்டா உனக்கு எப்படிடா தெரியுது?"

"நீ எங்கம்மா நிக்கிறே? பேசிக்கிட்டேதான் இருக்கே."

"என்ன பேசினேன்?"

பையன் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு கேமராவுக்கு மிக அருகில் வந்து கிசுகிசுத்தான். "அதை உன்கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

மறுநாள் அவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. கைபேசியிலிருந்து கூப்பிட்டாள். பட்டாணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான்.

"கம்ப்யூட்டர்ல வா."

"ஏண்டா, இதுவும் அம்மாதானே?"

"இதுல நீ சாப்பிட்டியா, ஹோம்வொர்க் முடிச்சியான்னே கேக்குறே. அப்புறம் அழறே. அதுல நீ அழவே மாட்டே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த நீதான் நல்லா இருக்கே" என்றான்.

குழந்தைகளுக்கு ஈவிரக்கம் கிடையாது, உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். அவளுக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. பத்து மாதம் சுமந்தவள் இங்கே இருக்க, எவளோ ஒருத்தி என் முகத்தை வைத்துக்கொண்டு என் பிள்ளையைக் கொஞ்சுகிறாளா என்று அவள் மனம் கொதித்தது. யாரென்று பார்த்தே தீர வேண்டும். அந்த வீம்பில்தான் அடுத்த மாலை மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் யாரோ இரும்பு ஷட்டரை இழுத்து மூடும் சத்தம், மாடியில் வாளி உருளும் சத்தம், எங்கோ ஒரு ஸ்கூட்டர் கிளம்ப மறுத்து இருமும் சத்தம் எல்லாம் வழக்கம்போல் இருந்தன. பட்டாணி பள்ளியில் வரைந்த படத்தைக் காட்டினான். அதில் அம்மாவுக்குப் பெரிய சிரிப்பு வைத்திருந்தான். அவள் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தபோது திரை நின்றது. இந்த முறை அவள் மகனைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் சின்னச் சதுரமாகத் தெரியும் தன் முகத்தைப் பார்த்தாள். அதுவும் நின்றுதான் இருந்தது. அவள் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள், சதுரத்தில் கை மேஜைமேலேயே கிடந்தது. தலையைச் சாய்த்தாள், சதுரத்தில் தலை நேராக இருந்தது. அதுவரை சரி. நின்றுபோன படம் அப்படித்தான் இருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் விசிறிச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் இருப்பது காதில் பட்டது. அவள் நாற்காலியிலிருந்து இறங்கி, தரையில் மண்டியிட்டு, பெட்டியின் சூடான தகட்டில் காதை வைத்தாள். காற்று சுழலும் இரைச்சலுக்கு அடியில், மிக அடியில், ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கும்போது வருமே, வார்த்தை புரியாத அந்த முனகல். நடுநடுவே ஒரு சின்னச் சிரிப்பு.

அவள் குரல்தான்.

எழுந்தாள். கால் மரத்திருந்தது, நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். சதுரத்தில் அந்த உருவம் நேராக உட்கார்ந்திருந்தது. அசையவில்லை. ஆனால் காதோர முடி பின்னால் ஒதுக்கப்பட்டிருந்தது. அவளுடையது முகத்தில்தான் விழுந்து கிடந்தது.

கைபேசியை எடுத்து, பிரிந்ததிலிருந்து ஒருமுறைகூடக் கூப்பிடாத எண்ணைக் கூப்பிட்டாள். பையனின் அப்பா எரிச்சலோடுதான் எடுத்தான்.

"என்ன?"

"பட்டாணி என்ன பண்றான்?"

"உன்கிட்டதானே பேசிட்டிருக்கான்? கதவு இடுக்குல பார்க்கிறேன். வாயெல்லாம் பல்லா உக்காந்திருக்கான்."

"உள்ளே போங்க. ஹெட்போனைக் கழட்டுங்க."

"இதென்ன கூத்து? உள்ளே வரக் கூடாதுன்னு அவ்வளவு அழிச்சாட்டியம் பண்ணினது நீ."

"போங்க! உங்க கால்ல விழறேன். அவனைத் தூக்கிட்டு வெளியே போங்க."

அவள் குரலில் இருந்த பயம் அவனுக்கு எட்டியிருக்க வேண்டும். கதவு திறக்கும் ஓசை போனில் கேட்டது. காலடி. பிறகு நின்றது.

"இரு. நீ இங்கே ஸ்கிரீன்ல பேசிட்டிருக்கே." மூச்சு வாங்கினான். "நீ எப்படி எனக்குப் போன்..."

"அவனைத் தூக்குங்க!"

நாற்காலி உருளும் சத்தம். ஏதோ தரையில் விழும் சத்தம்.

"பட்டாணி?" என்றான். அவளிடம் அல்ல. அறையிடம். "டேய், பட்டாணி?"

"என்ன? என்னங்க ஆச்சு?"

"இப்ப இங்கேதான் இருந்தான். நான் ஒரு நொடி உன் முகத்தைப் பார்த்தேன். கதவுகிட்ட நானே நிக்கிறேன், எப்படிப் போவான்? அலமாரியில இல்ல. கட்டிலுக்கு அடியிலயும் இல்ல."

திரை அசைந்தது.

மகனின் அறை தெரிந்தது. காலி நாற்காலி. ஒயரில் தொங்கிய ஹெட்போன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பையனின் அப்பா போனைக் காதில் வைத்தபடி திரையை நோக்கிக் குனிந்தான். அவன் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் வடிந்துபோவதை அவள் பார்த்தாள்.

"அவன் எப்படி உன்கிட்ட வந்தான்?" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. பிறகு மூலையைப் பார்த்தாள்.

சதுரத்தில் அதே சுவர். அதே ஜன்னல். அதே நாற்காலியில் அந்தப் பெண். அவள் மடியில் பட்டாணி.

இவள் குனிந்து தன் மடியைப் பார்த்தாள். துணியின் சுருக்கம். வேறு எதுவும் இல்லை. மடியைத் தடவினாள், காற்றைத் துழாவினாள், நாற்காலியைச் சுற்றிலும் பைத்தியம் பிடித்தவள்போல் கையை வீசினாள். "பட்டாணி! கண்ணா! அம்மா இங்கேடா!" என்று கத்தினாள்.

சதுரத்துக்குள் பையன் நிமிர்ந்தான். திரையைப் பார்த்தான். அவளையே பார்த்தான். முடி கலைந்து, வாய் கோணி, கையை வீசிக் கத்தும் ஒருத்தியை. அவன் உதடு பிதுங்கியது. அடையாளம் தெரியாத ஆளைக் கண்டால் அவன் முகம் அப்படித்தான் ஆகும்.

ஸ்பீக்கரில் அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"யாரும்மா அது?"

அந்தப் பெண் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"யாரும் இல்லடா கண்ணு. நீ பார்க்காதே."

அவன் நம்பினான். திரும்பி, அந்தப் பெண்ணின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.