கலங்கரை விளக்கத்துப் பறவை

"புருஷனா, தம்பியா? ரெண்டு பேர்ல ஒருத்தர் திருடன்னா நான் யார் பக்கம் நிக்கறது, சொல்லுங்க!"

வந்தவள் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, ஓடி வந்த மூச்சு அடங்காமலே கேட்டாள்.

அந்தத் துப்பறிவாளரை எல்லாரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். தலையில் இடி விழுந்தாலும் 'எந்தப் பக்கம் விழுந்தது?' என்று விசாரிக்கிற பிறவி. அவருக்கு உதவியாக இருந்தவர் மச்சான். மச்சானுக்கு வாய்த்த பெயர் அவசரம். கேள்வி முடிவதற்குள் பதிலையும், பதில் முடிவதற்குள் குற்றவாளியையும் கையில் வைத்திருப்பார்.

"தம்பிதான்" என்றார் அவசரம்.

"இன்னும் என்ன திருட்டுன்னே சொல்லலையே மச்சான்" என்றார் நிதானம். "உக்காருங்கம்மா. முதல்லேருந்து சொல்லுங்க."

அவள் சொன்னாள். அவளுடைய கணவர் ஒரு சினிமா ஸ்டுடியோவில் பிலிம் கிடங்குக்குப் பொறுப்பாளர். ஸ்டுடியோ எடுத்த முதல் படத்துக்கு உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான் மிச்சம். தொட்டால் பொடிந்துவிடும் என்று அதை யாரும் ஓட்டிப் பார்த்தே பல வருஷம் ஆகிறது. நேற்று அந்தப் பிரதி இருந்த டப்பா காணாமல் போனது. யாரோ துப்புக் கொடுத்ததாகச் சொல்லி, இன்று காலையில் போலீஸ் வந்து அவள் வீட்டுக் கொல்லைச் சாம்பலைக் கிளறியது. பாதி எரிந்த பிலிம் துண்டுகள் கிடைத்தன. ஒவ்வொரு துண்டிலும் ஸ்டுடியோவின் முத்திரையான கலங்கரை விளக்கம்!

"அவரு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலைங்க. 'நான்தான் எரிச்சேன்'னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிட்டாரு. எறும்பு கடிச்சாக்கூட ஊதி விடற மனுஷன்! என் தம்பியைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னாரு. அவன் எங்க வீட்லதான் இருக்கான். வேலை வெட்டி இல்ல. முன்னாடி ஒரு தடவை என் வளையலை எடுத்து வித்தவன்."

"நான் சொன்னேன்ல?" என்றார் அவசரம்.

அவள் முகம் சுருங்கியது. "நானும் அப்படித்தாங்க நினைச்சேன். 'என் முகத்துலயே முழிக்காத, செத்துத் தொலை'ன்னுட்டேன். பேசாம போயிட்டான். போனை அணைச்சு வச்சிருக்கான். ஏதாவது பண்ணிக்கிட்டான்னா நான் பாவி ஆயிடுவேனே, ஐயா!"

சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு கருகிய துண்டை எடுத்து நீட்டினாள். துணி துவைக்கிற கல்லுக்கடியில் கிடந்ததாம். நிதானம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கருப்பு வெள்ளையில் கலங்கரை விளக்கம். அதன் உச்சிக்குப் பக்கத்தில், இறக்கை விரித்த ஒரு சின்ன வெள்ளைப் பறவை.

"கிடங்குச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"அவர்கிட்ட ஒண்ணு. முதலாளியோட மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு."

மூவரும் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். வழியெல்லாம் அவள் தம்பியின் எண்ணை அழுத்திக்கொண்டே வந்தாள். பதில் இல்லை.

வரவேற்பறைச் சுவரில் அந்த முத்திரையின் வாழ்க்கையே படம் படமாக மாட்டியிருந்தது. முதலில் சுண்ணாம்புப் பொம்மையாகச் செய்து எடுத்த விளக்கம். அடுத்து தூரிகையில் தீட்டியது. பிறகு வண்ணம் வந்தது. கடைசியில் கம்ப்யூட்டர் செய்த கடலும் அலையும். எல்லாவற்றிலும் பறவை இருந்தது. போகப் போக வளர்ந்து, கடைசிப் படத்தில் பாதி வானத்தை அடைத்திருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் போனா விளக்கையே முழுங்கிடும்" என்றார் அவசரம். நிதானம் முதல் படத்தின் முன்னால்தான் வெகுநேரம் நின்றார்.

மாப்பிள்ளையின் அறைக்குள் நுழைந்ததும் அவசரத்துக்குப் பல் கிட்டியது. அவ்வளவு குளிர். மாப்பிள்ளையோ சால்வையைப் போர்த்திக்கொண்டு, மூக்கைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏசியைக் கொஞ்சம் குறைக்கலாமே?" என்றார் அவசரம்.

"இருக்கட்டும், பழகிடுச்சு" என்று தும்மினார் மாப்பிள்ளை. "அந்தச் சுவர்ப்படமெல்லாம் நான் வரையச் சொன்னதுதான். எரிஞ்சது முதல் படம்தான் சார், சந்தேகமே வேண்டாம். அந்தப் பறவையைப் பார்த்ததுமே வயிறு எரிஞ்சுது. எத்தனை தடவை பார்த்த படம்! போலீஸ்லயும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்."

அவள் கை கூப்பினாள். "அவரு பண்ணியிருக்க மாட்டாருங்க..."

"அவரே ஒத்துக்கிட்டாரேம்மா. நான் என்ன பண்ண?"

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. நிதானம் அவளை எழுப்பினார். "மாப்பிள்ளை, நீங்களும் வாங்க. முதலாளியைப் பார்க்கணும். மச்சான், ஒரு நிமிஷம்..." அவசரத்தின் காதில் ஏதோ சொன்னார். அவர் கிடங்கு ஆளைத் தேடி ஓடினார்.

முதலாளிக்குப் பார்வை போய் வெகுகாலம் ஆகிவிட்டது. நாற்காலியில் சாய்ந்தபடி, குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஐயா, அந்தக் கலங்கரை விளக்கத்தை முதல் தடவை எப்படி எடுத்தீங்க?"

பெரியவரின் முகம் மலர்ந்தது. "தொட்டியில தண்ணி, நடுவுல சுண்ணாம்புப் பொம்மை, உச்சியில நிஜ பல்பு. கேமரா ஓடிட்டு இருக்கும்போது ஒரு விட்டில்பூச்சி வந்து பல்பைச் சுத்துது! கேமராமேன் தலையில அடிச்சுக்கிட்டாரு. திரும்ப எடுக்கப் பிலிம் ஏது? அப்படியே விட்டுட்டோம். படம் பிச்சுக்கிட்டு ஓடிச்சு. பூச்சிதான் ராசின்னு பேச்சாயிடுச்சு. ஆனா பூச்சியைப் போய் யார் முத்திரையில வைப்பா? ரெண்டாவது படத்துக்குக் காகிதத்துல ஒரு பறவை செஞ்சு கம்பியில கட்டினோம். அதுலேருந்து பறவைதான்."

மாப்பிள்ளையின் தும்மல் பாதியில் நின்றது.

"சுவர்ல முதல் படத்துலயே பறவை இருக்கே, ஐயா?"

"சுவரை நான் எங்கப்பா பார்த்தேன்?"

மூச்சிரைக்க வந்து நின்றார் அவசரம். "ரெண்டாவது படத்து டப்பாவைத் திறந்தோம். ஆரம்பத்துல நல்லா நீளமாக் கத்தரிச்சு எடுத்திருக்கு! வெட்டு புதுசு!"

நிதானம் கருகிய துண்டை மேஜைமேல் வைத்தார். "இதுல பறவை இருக்கு. அப்ப இது முதல் படம் இல்ல. ரெண்டாவது படத்தோட தலையை வெட்டி எரிச்சு, முதல் படம் அழிஞ்சுபோச்சுன்னு நம்ப வச்சிருக்காங்க. அழிஞ்ச பொருளை யாரும் தேட மாட்டாங்க பாருங்க. இந்தம்மா வீட்டுக்காரரோ தம்பியோ திருடியிருந்தா, தடயத்தைச் சொந்தக் கொல்லையில போட்டு வைப்பாங்களா? அந்த வீட்டுக்கு வெளியாள் வேலை. கிடங்குச் சாவி வச்சிருக்கிற வெளியாள். முதல் படத்தைப் பார்க்காமலே 'எத்தனை தடவை பார்த்த படம்'னு பறவையை அடையாளம் சொன்ன ஆள்."

"அபாண்டம்!" என்றார் மாப்பிள்ளை. "அப்ப படம் எங்கயாம்?"

"பழைய பிலிமுக்குச் சூடு ஆகாது. அதான் கிடங்கு எப்பவும் சில்லுனு இருக்கும். சளி பிடிச்சுத் தும்மற மனுஷன் சால்வையைப் போர்த்திக்கிட்டு, ஏசியை மட்டும் குறைக்க மாட்டேங்கிறார். யாருக்காக?"

பெரியவர் கையை நீட்டினார். "மாப்பிள்ளை, உன் அலமாரிச் சாவி."

சாவி வந்தது. டப்பாவும் வந்தது. பெரியவர் தகரத்தைத் தடவித் தடவிப் பார்த்து, குழந்தையை வாங்குகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். வெளிநாட்டில் ஒருவன் வாங்கக் காத்திருந்ததாக மாப்பிள்ளை ஏதோ முனகினார். யாரும் காது கொடுக்கவில்லை.

அவள் எதையும் பார்க்கவில்லை. போனையே காதில் வைத்திருந்தாள். "ரெண்டு பேருமே பண்ணலையே! பண்ணாதவனைப் போய் சாகச் சொன்னேனே! அவனை எங்கன்னு தேடுவேன்?"

அந்த நேரத்தில் போன் அவள் கையிலேயே அலறியது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர்.

"உங்க தம்பியாம்மா இது? காலையிலேருந்து இங்கயே உக்காந்துக்கிட்டு, நான்தான் எரிச்சேன், மாமாவை விடுங்கன்னு ஒரே கலாட்டா. உள்ள இருக்கறவர் இல்ல, நான்தாங்கறாரு. யாரைம்மா நான் பிடிச்சு வைக்கறது?"

"அவன்கிட்ட குடுங்க சார்!"

மறுமுனையில் மூக்குறிஞ்சும் சத்தம். "அக்கா... மாமா இல்லாம நீ எப்படிக்கா இருப்ப? நான் இருந்து யாருக்கு என்ன லாபம்? நீயும் முகத்துல முழிக்காதன்னுட்ட..."

அதுவரை வராத அழுகை அப்போதுதான் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சுவரில் சாய்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வந்து முழிடா, நாயே" என்றாள். "மாமாவைக் கூட்டிக்கிட்டு வந்து முழி."