நிலா பல்பு

கலைச்செல்வியின் அப்பா நடத்தும் ஜூஸ் கடை மூலையில் ஒரு வானம் இருந்தது. சாய்ந்த மேசை, மேலே கண்ணாடி, உள்ளே நட்சத்திரங்கள், நடுவில் ஒரு வட்ட நிலா. பொத்தானை அழுத்தினால் இரும்புப் பந்து முட்டி மோதிக்கொண்டு ஓடும். நிலாவுக்கு அடியில் குட்டி பல்பு ஒன்று எப்போதும் எரியும். ஊருக்கு அது பின்பால் மிஷின். கலைச்செல்விக்கும் அவளுடைய மலையாளத் தோழி ஆர்யாவுக்கும் வானமேதான்.

பள்ளி விட்டதும் இருவரும் அங்கே வந்து நின்றுவிடுவார்கள். பந்து நிலாவைத் தொட்டால், "நிலாவுல இறங்கியாச்சு!" என்று ஒரே கூச்சல். சாலைக் கடைத்தெருவின் ஹாரன் சத்தம்கூட அப்போது காதில் விழாது.

கொஞ்ச நாளாகவே நிலா மங்கிக்கொண்டு வந்தது. அன்று நல்ல மழை. அப்பா பழம் வாங்கப் போயிருந்தார். அம்பாசமுத்திரத்திலிருந்து புதிதாக வந்திருந்த சொரிமுத்து மாமாதான் கடையைப் பார்த்துக்கொண்டார். கலைச்செல்வி உள்ளே போய்ப் பையை வைத்துவிட்டு வருவதற்குள், நிலா பொசுக்கென்று அணைந்துவிட்டது.

"அங்கிளே, பல்பு அடிச்சுபோயி!" என்று ஆர்யா மாமாவிடம் ஓடினாள்.

மாமாவுக்கு மீசை துடித்தது. "அடிச்சியா? அடிச்சுட்டு என்கிட்டயே வந்து சொல்லுதியா? இனிமே அந்த மிஷின் பக்கமே வரப்படாது, ஆமா!"

ஆர்யாவுக்குத் தமிழ் பாதிதான் புரியும். கோபம் முழுசாகப் புரிந்தது. கண் கலங்க, வாசற்படியில் போய் நின்றுகொண்டாள்.

கலைச்செல்வி பதறி ஓடிவந்தாள். "ஐயோ மாமா! மலையாளத்துல 'அடிச்சுபோயி'ன்னா ஃபியூஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தம். அவ அடிக்கவே இல்ல!"

"சிநேகிதிக்குப் பரிஞ்சு பேசுதியாக்கும்? அடிக்காம எப்படிளா போவும்?"

"அப்ப பல்பைக் கழற்றிப் பார்த்துடுவோம்."

மாமா பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறவிட்டு, மேசையின் மேல்தட்டைத் தூக்கி பல்பைக் கழற்றினார். புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. கண்ணாடி கருத்திருந்தது.

"பாத்தியா கருப்பை!" என்று துண்டால் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். ம்ஹூம்!

"கருப்பு உள்பக்கம்ல இருக்கு, மாமா. கண்ணாடியில ஒரு கீறல்கூட இல்ல. வெளியே அடிச்சா உள்ளே எப்படிக் கருக்கும்?"

மாமா பல்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"டப்பாவுல வச்ச கற்பூரம் தானா கரையும்ல? அந்த மாதிரி, உள்ளே இருக்குற கம்பி சூட்டுல கொஞ்சங்கொஞ்சமா ஆவியாகும்னு டீச்சர் சொன்னாங்க. அந்த ஆவிதான் கண்ணாடியில கருப்பா ஒட்டிக்கிச்சு. அதான் நிலா மங்கிச்சு. கம்பியும் மெலிஞ்சு, பந்து முட்டுற அதிர்வுல அறுந்துடுச்சு."

மாமா பல்பை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கருப்புக்கு நடுவே மெல்லிய கம்பி துண்டாகத் தொங்கியது. நேரே வாசலுக்குப் போனார்.

"ஏ புள்ள, உங்க பாஷை மாமாவுக்கு விளங்கல. தப்பு என்னோடதுதான். உள்ளே வா, கண்ணு."

ஆர்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

மாமா குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கினார். நாலைந்து கடை ஏறி இறங்கி, பாதி நனைந்து திரும்பி வந்தார்.

"பல்பு வாங்கியாச்சு!" என்றார் பெருமையாக.

"அது நீங்க அப்பவே வாங்கிட்டீங்க, மாமா!" என்றாள் கலைச்செல்வி. மாமாவுக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

நிலா மறுபடி பளிச்சென்று எரிந்தது. ஆர்யா மாமாவின் கையை இழுத்துப் பொத்தானில் வைத்தாள். பந்து சுற்றிச் சுற்றிப் போய் நிலாவில் முட்டியது.

"இறங்கியாச்சுளா!" என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் சொரிமுத்து மாமாதான்.