காசு கட்டிய செயலியும் கடகட சத்தமும்

அவளுடைய உண்மைப் பெயர் பள்ளி வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் 'போட்டி'. யார் எதைச் சொன்னாலும் ஏட்டிக்குப் போட்டியாக ஒரு கேள்வி கேட்பதால் மாமா வைத்த பெயர் அது. வைத்துவிட்டு அதிகம் வருந்தியவரும் மாமாதான்.

போட்டியின் அம்மா மெஷின் மெக்கானிக். துணி துவைக்கும் மெஷின், தண்ணீர் மோட்டார், மாவு பிசையும் மெஷின், எது மக்கர் செய்தாலும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. வேலை நேரத்தில் அம்மாவின் இரண்டு கைகளிலும் கிரீஸ் அப்பியிருக்கும். ஃபோன் அடித்தால் எடுக்க முடியாது. கூப்பிட்டவர்கள் சொல்ல வந்ததை வாய்ஸ் மெயிலில் பதிவு செய்து வைப்பார்கள். ஃபோனில் இருந்த இலவசச் செயலி அவற்றை வரிசையாகக் காட்டும். வேண்டியதைத் தட்டிக் கேட்கலாம்.

பழகியவர்களிடம் அம்மா ஒன்று சொல்லி வைத்திருந்தார். கெட்டுப்போன மெஷினை ஓடவிட்டு, ஃபோனை அதன் பக்கத்தில் பிடிக்க வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டே அம்மா பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். தேவையான சாமானையும் கையோடு எடுத்துக்கொண்டு போவார்.

மாமாவுக்கு ஃபோன் கடையில் வேலை. ஒருநாள் அம்மாவின் ஃபோனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் செருப்பு விளம்பரம் வந்தது. வாய்ஸ் மெயில் பெட்டி நிறைந்துவிட்டால் அடுத்தவர் பேசவே முடியாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் காசு கட்டி ஒரு புதிய செயலியைப் போட்டுக் கொடுத்தார். அதில் விளம்பரம் இல்லை. பெட்டி நிறையாது. பேசியதை எல்லாம் எழுத்தாக மாற்றியும் காட்டும்.

"பழசு செஞ்ச எதையாவது இது செய்யாதா மாமா?" என்று கேட்டாள் போட்டி.

"ஆரம்பிச்சிட்டியா? காசு குடுத்து வாங்கினது எப்படிம்மா கம்மியா செய்யும்?" என்றார் மாமா.

அடுத்த வாரம் பேக்கரிக்காரர் பட்டறைக்கே வந்து நின்றார். அம்மாவின் வேலையில் பாதி அவருடைய பேக்கரியிலிருந்துதான் வந்தது. அவருடைய முகம் கடுகடுவென்று இருந்தது.

"மூணு தடவை வாய்ஸ் மெயில் வச்சேன். பதிலே இல்ல. நாளைக்கு வேற ஆளை வரச் சொல்லிட்டேன். இனிமே அவர்தான்."

அவ்வளவுதான் சொன்னார். அம்மா வாய் திறப்பதற்குள் போய்விட்டார். அம்மா ஃபோனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பேக்கரியிலிருந்து ஒரு பதிவும் இல்லை. அம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் போட்டிக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

சாயங்காலம் வந்த மாமா, அந்த ஆள் பொய் சொல்கிறார் என்று ஒரே போடாகப் போட்டார். போட்டி அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. பேக்கரிக்காரர் ஒரு நாளில் பேசுவதே நாலு வார்த்தை. அதில் பொய்யை எங்கே நுழைப்பார்?

"உங்க ஃபோனைக் குடுங்க மாமா. நானே பார்த்துடறேன்."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று முணுமுணுத்துக்கொண்டே மாமா கொடுத்தார்.

அவள் அம்மாவின் எண்ணை அழைத்து, "வணக்கம், எங்க வீட்டு மோட்டார் ஓடல" என்று பதிவு செய்தாள். அம்மாவின் ஃபோனில் அது எழுத்துப் பிசகாமல் வந்தது. மாமா மீசையை முறுக்கினார். மறுபடி அழைத்தாள். இந்த முறை ஒன்றும் பேசாமல், பழுதுக்கு வந்திருந்த மேசை விசிறியை ஓடவிட்டு ஃபோனை அதன் அருகில் பிடித்தாள். விசிறி லொடலொடவென்று கத்தியது. காத்திருந்து பார்த்தார்கள். அம்மாவின் ஃபோனில் ஒன்றுமே வரவில்லை. மாமாவின் கை மீசையிலிருந்து இறங்கியது.

போட்டி பழைய செயலிக்கு மாற்றி அதையே செய்தாள். முதலில் செருப்பு விளம்பரம் வந்தது. அதன் பிறகு விசிறியின் லொடலொட சத்தம் முழுசாகக் கேட்டது.

மாமா இப்போது புதிய செயலியைக் குடைய ஆரம்பித்தார். உள்ளே, அதற்கும் உள்ளே, 'பேச்சு இல்லாதவை' என்று ஒரு குப்பைத் தொட்டி இருந்தது. விசிறியின் சத்தம் அதில் கிடந்தது. பேக்கரிக்காரரின் மூன்று பதிவுகளும் அங்கேதான் கிடந்தன. தட்டியதும் கடகட, கிர்ர் என்று பட்டறையே அதிர்ந்தது.

"பேரிங் போயிருக்கு" என்றார் அம்மா உடனே.

அந்தக் குப்பைத் தொட்டியை மூட ஏதாவது வழி இருக்கிறதா என்று மாமா தேடினார். இல்லை. "வாய்ஸ் மெயில்னா மனுஷங்க பேசுவாங்கன்னுதானே செஞ்சிருப்பாங்க" என்று இழுத்தார்.

"அம்மாகிட்ட மெஷினும்தான் பேசும். அதைக் குப்பையில போடற ஆப் எங்களுக்கு வேண்டாம். விளம்பரம் வந்தா வந்துட்டுப் போகட்டும். பெட்டி நிறைஞ்சா நான் அழிக்கறேன்" என்றாள் போட்டி.

அம்மா பேரிங்கைத் தேடி எடுத்தார். ஆனால் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டாரே, இப்போது போய் நின்றால் நன்றாகவா இருக்கும் என்றார்.

"அவர் நாளைக்குத்தானே வராரு. இன்னிக்கு இன்னும் முடியல" என்று செருப்பை மாட்டினாள் போட்டி. கருவிப் பெட்டியை மாமா தூக்கிக்கொண்டார்.

பேக்கரிக்காரர் வாசலிலேயே மறித்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். போட்டி அசையவில்லை.

"நீங்க வச்ச மூணையும் ஆப் ஒளிச்சு வச்சிடுச்சு. அது எங்க தப்பு. ஆனா நீங்களும் ஒரு வார்த்தை பேசல. அது உங்க தப்பு. அம்மா கேட்டது இப்பதான். கேட்டதும் சாமானோட வந்துட்டாங்க. உள்ளே விடுங்க."

அவருக்குக் காது சிவந்துவிட்டது. பதிவு செய்யும் மெஷினிடம் என்ன பேசுவது, கூச்சமாக இருக்கிறது என்று முனகிக்கொண்டே வழிவிட்டார்.

அம்மா பழைய பேரிங்கைக் கழற்றிப் புதியதை மாட்டினார். பொத்தானை அழுத்தியதும் மாவு பிசையும் மெஷின் கடகட சத்தம் இல்லாமல் சுழன்றது. பேக்கரிக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாளைக்கு வர இருந்த ஆளை ஃபோனில் அழைத்தார். அங்கேயும் வாய்ஸ் மெயில்தான். அவர் திருதிருவென விழித்தார். மெல்ல ஃபோனை மெஷின் பக்கம் நீட்டினார்.

போட்டி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பாவம், அவர் வீணா அலையக் கூடாது. வாயால சொல்லுங்க."

பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு வர வேண்டாம்" என்றார் ஃபோனில். அம்மாவைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்: "எங்க மெக்கானிக் வந்துட்டாங்க."