கயிற்றின் மற்ற நுனி

“ஏழு பாகம்!” என்று கத்தினாள் றோஸி. வீட்டு விறாந்தையில் அப்பாவுக்குப் பயிற்சி நடந்தது.

“பன்னிரண்டு... இல்லை, பதினாலு... கொஞ்சம் பொறு மகள்!” அப்பா விரல்களை மடக்கினார்.

“படகு போயிட்டுது அப்பா!”

றோஸியின் அப்பா கிளெமென்ற், துறைமுகத்தில் ஆழம் பார்ப்பவர். படகிலிருந்து ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்குவார். குண்டு கடலடித் தரையைத் தொட்டதும் எத்தனை பாகம் என்று கத்துவார். இரண்டு கைகளையும் அகல விரித்தால் ஒரு பாகம். அதாவது ஆறு அடி. கயிற்றில் பாகத்துக்குப் பாகம் தோலோ துணியோ கட்டியிருக்கும். சண்டைக் காலம். இரவில் படகில் விளக்கேற்ற விடமாட்டார்கள். அப்பா விரல்களால் தடவியே ஆழம் சொல்வார்.

இப்போது வந்த புதுக் கப்டன், “இனி எல்லாம் மீற்றரில்” என்றுவிட்டார். ஒரு பாகத்துக்கு ஒரு மீற்றரும் எண்பத்துமூன்று சென்ரிமீற்றரும். அதைப் பெருக்கி முடிப்பதற்குள் படகு அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

“திங்கட்கிழமையும் தடுமாறினா என்னைக் கிட்டங்கிக்குச் சாமான் மூட்டை எண்ண மாத்திப் போடுவாராம்,” என்றார் அப்பா. “அங்க நிண்டா கடலே தெரியாது.”

“வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்குங்கோவன்,” என்றாள் தையல் மெஷினில் இருந்த அம்மா.

“பாடமாக்கினனான் மேபல். குண்டு ‘தொபுக்’ எண்டு விழ, எல்லாம் அதோட போகுது!”

அம்மாவின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்ரிமீற்றர். றோஸி அதையே பார்த்தாள்.

“அம்மா, சென்ரிமீற்றர் வேணுமெண்டா பெருக்கிப் பார்ப்பீங்களோ?”

“எனக்கென்ன விசரே? நாடாவைத் திருப்பிப் பிடிப்பன்.”

றோஸி துள்ளி எழுந்தாள். “அப்பா, நீங்கள் போற இடம் எவ்வளவு ஆழம்?”

“ஒன்பது பாகத்துக்கு மேல இல்லை.”

“கயிறு?”

“இருபது பாகம்.”

“அப்ப மற்றப் பாதி சும்மாதானே கிடக்குது! குண்டை அவிட்டு மற்ற நுனியில கட்டுங்கோ. அந்தப் பக்கத்துப் பழைய தோல், துணியைக் கழட்டிப்போட்டு மீற்றர் போடுவம்!”

அப்பா வாயைப் பிளந்தார். பிறகு, “முதல்ல கயிற்றை நனைக்கவேணும். காய்ஞ்ச கயிறு தண்ணிக்குள்ள சுருங்கும்,” என்றபடி வாளியைத் தேடி ஓடினார்.

கொட்டாஞ்சேனை வீட்டின் விறாந்தை முழுக்க ஈரக் கயிறு. அம்மாவின் நாடாவால் அளந்து, மீற்றருக்கு ஒரு நூல் கட்டினாள் றோஸி. ஒவ்வொரு ஐந்தாவது மீற்றருக்கும் ஒரு தோல் துண்டு. தோலுக்கு, தனக்குச் சின்னதாகிப்போன பள்ளிச் சப்பாத்துச் சோடியில் வலதுகால் சப்பாத்தை வெட்டினாள்.

“இப்ப கண்ணை மூடுங்கோ அப்பா.”

அப்பாவின் விரல்களுக்கிடையே கயிறு ஓடியது. ஒரு தோல், இன்னொரு தோல், பிறகு இரண்டு நூல்.

“பன்னிரண்டு மீற்றர்!”

“படகு இஞ்சதான் நிக்குது!” என்று கைதட்டினாள் றோஸி.

திங்கட்கிழமை பின்னேரம் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். தோளில் ஒரு புதுக் கயிற்றுச் சுருள்.

“என்னெண்டு இவ்வளவு கெதியாப் பெருக்கினீர் எண்டு கப்டன் கேட்டார். நான் பெருக்கேல்லை சேர், மகள் கட்டித் தந்தவள் எண்டன். உடன இதையும் தந்துவிட்டார். மற்றப் படகுக்காம். உன்னட்டத் தோல் இருக்கோ மகள்?”

“ஓம் அப்பா,” என்றாள் றோஸி. “இடதுகால் சப்பாத்து அப்பிடியே இருக்குது!”