செத்த பவளமும் பிழைத்த மீன்களும்

பெரியவர் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்ததைப் பார்த்ததும் கலைமணி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். வெள்ளை வெளேரென்று, துளைதுளையாக, கிளைவிட்டு இருந்தது.

"எலும்பா சார்?"

"பவளம். போன வாரம் வரைக்கும் ஊதா கலர்ல உயிரோட இருந்துச்சு."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் அந்தத் துப்பறியும் நிலையத்துக்கு, மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிக்கச் சொல்லித்தான் ஆட்கள் வருவார்கள். செல்போன் கடை வைத்து நொடித்துப்போய், அக்காள் புருஷன் உத்திராபதியிடம் உதவியாளனாக ஒட்டிக்கொண்ட கலைமணி, என்றைக்காவது ஒரு கொலை வரும் என்று காத்துக்கிடந்தான். இதோ வந்துவிட்டது. செத்தது பவளம்.

பெரியவர் ராஜமாணிக்கம். ஊர் சிதம்பரம். ஒரே மகன் அன்பரசு, ஆடி மாதம் மாரடைப்பில் போய்விட்டான். கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, கடைகளில் விற்கும் செயற்கைக் கடலுப்பை வாங்கிக் கரைத்து, அதில் பவளம் வளர்த்தவன்.

"அவன் போனப்புறம் மருமவதான் பாத்துக்கிட்டா. அவன் வாங்குற உப்ப விட்டுட்டு வேற உப்பு வாங்கினா. எல்லாம் செத்துப்போச்சு. எம்புள்ள நெனப்புக்குன்னு மிச்சம் இருந்தது அது ஒன்னுதான் சார்." அவர் வெறும் துணிப்பையை மடித்தார். "ஞாயித்துக்கெழம அவ அண்ணன வரச்சொல்லிட்டேன். கூட்டிக்கிட்டுப் போவட்டும். அதுக்குள்ள அவதான் செஞ்சான்னு நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்."

"அவுங்க என்ன சொல்றாங்க?" என்றார் உத்திராபதி.

"தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா. இல்லன்னு ஒரு வார்த்த வரல."

உத்திராபதி முன்பு சிப்காட்டில் ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் சோதித்தவர். பவளத்தை விளக்கருகே திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் கலைமணி வழக்கை முடித்துவிட்டான். "மாமா, அந்தப் பொண்ணோட ஊரு பரங்கிப்பேட்டையாம். காசு மிச்சம்னு கடல் தண்ணியையே புடிச்சாந்து ஊத்தியிருக்கும்."

"சரி மச்சான். ஜன்னலச் சாத்து, தூசி வருது."

தொட்டிக்குள் பாறையெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. மணலில் நத்தை ஓடுகள் கவிழ்ந்திருந்தன. அதற்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்கள் எதுவும் நடக்காததுபோல் துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. கலைமணி விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தான்.

"உப்பா இருக்கு மாமா."

"பெரிய கண்டுபிடிப்பு," என்றார் உத்திராபதி.

அவன்மேல் பரிதாபப்பட்டோ என்னவோ, ராஜமாணிக்கத்தின் மனைவி மங்கலம் செம்புச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அழுது அழுது வீங்கிய முகம். "குடிங்க தம்பி. எங்க வூட்ல பிளாஸ்டிக்ல தண்ணி வைக்கமாட்டோம். செம்புதான் ஒடம்புக்கு நல்லது."

"இறால் ஏதாவது இருந்துச்சாம்மா?" என்று உத்திராபதி கேட்டார்.

"சேப்பா ரெண்டு இருந்துச்சு. அதுவும் போச்சு. அன்னிக்கு வெள்ளிக்கெழம நான்..."

"அத்தை, நீங்க போய் செத்த நேரம் படுங்க," என்று உள்ளிருந்து வந்த இளம்பெண் அவர் தோளைப் பிடித்தாள். அவள்தான் இசைவாணி. குரலில் அதட்டல் இல்லை, அவசரம் இருந்தது. மங்கலம் உள்ளே போனார்.

"பாத்தீங்களா? பேசவே வுடமாட்டா," என்றார் ராஜமாணிக்கம்.

உப்பைப் பற்றிக் கேட்டபோது இசைவாணி தடுமாறவில்லை. "அவர் வாங்குற உப்பு ஸ்டாக் இல்லன்னாங்க சார். இதுலயும் கால்சியம் அளவெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துதான் வாங்கினேன். வடிகட்டின தண்ணியிலதான் உப்பப் போடணும், உப்பு மேல தண்ணி ஊத்தக் கூடாது, கட்டி தட்டிடும்னு அவர் சொல்லிக் குடுத்திருக்காரு. குட்டி மோட்டார் போட்டு ஒரு ராத்திரி சுத்தவிடுவோம்."

தொட்டியில் விழுந்துகிடந்த ஒரு கிளையை நிமிர்த்தப் போனவள், மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் கையை விட்டாள். உத்திராபதி அதைப் பார்த்தார். கலைமணி மோதிரத்தின் எடையைப் பார்த்தான்.

"எதுல கரைப்பீங்க?"

அவள் கண் கொல்லைப் பக்கம் போய் வந்தது. "வாளியில."

கொல்லையில் வெள்ளை வாளி ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அதன்மேல் கடைக்காரன் ஒட்டிய காகிதச் சீட்டு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது.

"இது புதுசாச்சே. பழசு?"

"போன வாரம் காரியத்தன்னிக்குப் பாலும் தண்ணியும் எடுத்துக்கிட்டுப் போனோம்," என்றார் ராஜமாணிக்கம். "காரியத்துக்குப் போன வாளிய எப்புடி வூட்டுக்குத் திரும்ப எடுத்தாருவோம்? கரையிலயே வுட்டுட்டு வந்தோம்."

துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய அண்டா இருந்தது. வெளிப்புறம் கறுத்துப்போன செம்பு. உத்திராபதி குனிந்து உள்ளே பார்த்தார். உள்பக்கம் புளிபோட்டுத் தேய்த்துத் தங்கமாக மின்னியது. விளிம்பு மடிப்பில் மட்டும் தேய்க்க எட்டாமல் பச்சைக் களிம்பு.

"எல்லாரையும் கூடத்துல உக்கார வைக்கட்டுமா மாமா?" கலைமணி காதோடு கேட்டான். இந்தக் கட்டத்துக்காகவே புதுச்சட்டை போட்டு வந்திருந்தான்.

"வேணாம். இங்கயே பேசுவோம். அந்தம்மா தூங்கட்டும்."

அப்போதே இசைவாணியின் கண் கலங்கிவிட்டது.

"ஐயா, உப்பு மேல தப்பில்ல," என்று உத்திராபதி தாழ்ந்த குரலில் தொடங்கினார். "உப்பு கெட்டதா இருந்தா மீனும் செத்திருக்கும். பவளம், நத்தை, இறால் மூணும் செத்து, மீன் மட்டும் பொழைக்கணும்னா அது செம்பு. மீனுக்குச் சீக்கு வந்தா செம்பு கலந்த மருந்துதான் குடுப்பாங்க. அது தாங்கும், மத்தது தாங்காது. நல்ல தண்ணிய செம்புல வச்சுக் குடிக்கலாம். உப்புத் தண்ணிய அதுல ஊத்தி ராத்திரி பூரா சுத்தவிட்டா, செம்பு கரைஞ்சு தண்ணியில எறங்கிடும்."

"அப்போ இவதானே அண்டாவுல..."

"மோதிரத் தங்கத்துல கலந்திருக்கிற துளிச் செம்புகூட தண்ணியில படக்கூடாதுன்னு கழட்டி வைக்கிற பொண்ணு அண்டாவுல கரைக்குமா? அந்த வாளியில இதுவரைக்கும் தண்ணியே படல, சீட்டு அப்படியே இருக்கு. பவளம் செத்தப்புறம் வாங்கினது. அண்டா தேய்க்கிறவங்க வெளியில தேய்க்காம உள்ளமட்டும் தேய்ப்பாங்களா? களிம்ப மறைச்சிருக்காங்க. செஞ்சத மறைக்கல ஐயா. செஞ்சவங்கள மறைச்சிருக்காங்க. அந்த வெள்ளிக்கெழம நீ ஊர்ல இல்ல, அப்படித்தானேம்மா?"

இசைவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு பரங்கிப்பேட்டை போயிருந்தேன். மாமாவும் அன்னிக்கு வெளியூர்ல இருந்தாரு. அவர் வெள்ளிக்கெழமதான் தண்ணி மாத்துவாரு. நாள் தவறக் கூடாதுன்னு அத்தையே கரைச்சிருக்காங்க. வாளி இல்ல. புள்ள வளத்ததுக்கு வூட்லயே ஒசந்த பாத்திரத்துலதான் செய்யணும்னு அண்டாவ எடுத்திருக்காங்க." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "அவுங்ககிட்ட சொல்லிடாதீங்க சார். அவருக்குக் கடைசியா அவுங்க கையால செஞ்சது அது. அதுவே கொன்னுடுச்சுன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாங்க." மாமனாரிடம் திரும்பினாள். "நான் போயிடுறேன் மாமா. ஞாயித்துக்கெழம அண்ணன் வந்ததும் போயிடுறேன்."

ராஜமாணிக்கம் துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டார். கலைமணி தேடிக் காத்திருந்த கொலைகாரி உள்ளே பாயில் படுத்திருந்தாள். அவன் புதுச்சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டான்.

கதவோரம் நிழல் ஆடியது. மங்கலம் எழுந்து வந்திருந்தார். "யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சுதா?"

கலைமணி உத்திராபதியைப் பார்த்தான். உத்திராபதி ராஜமாணிக்கத்தைப் பார்த்தார்.

"நான்தான் மங்கலம்," என்றார் ராஜமாணிக்கம். "கூடத்துல எறும்புக்கு மருந்தடிச்சேன். தொட்டிய மூடல. மறந்துட்டு இந்தப் பொண்ணு மேல பழியப் போட்டுட்டேன்."

மங்கலம் அவரையே பார்த்தபடி நின்றார். பிறகு வந்து அவர் மார்பில் இரண்டு கையாலும் அடித்தார். "எம்புள்ள வளத்ததய்யா! பாத்துச் செய்யக்கூடாதா? உனுக்குக் கண்ணு எங்க போச்சு? இவளப் போயி வெளிய தொரத்தப் பாத்தியே!" அடி விழ விழ ராஜமாணிக்கம் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை.

இசைவாணி ஓடிவந்து மங்கலத்தை இழுத்து அணைத்துக்கொண்டாள். "வுடுங்க அத்தை," என்றாள், அழுகையினூடே. "வேணும்னா செஞ்சாங்க? ஆசையா வளத்தவங்களுக்கு அதக் கொல்ல மனசு வருமா? தெரியாம செஞ்சது அத்தை. தெரியாம செஞ்சது."